மருத்துவ இடம் கிடைத்த பின்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் பல தமிழ் இல்லங்களில் ஒரே வினா எழுகிறது: "மருத்துவத்துக்கு இடம் கிடைக்குமா?" பள்ளிக்கு வரும் பெற்றோரும் ஆசிரியரிடம் இதனையே வினவுகின்றனர். இடம் கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டது என்பது நம்மவர் எண்ணம். அதற்குப் பின் வரும் 15 ஆண்டுகளைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. இவ்வுரை அந்தப் 15 ஆண்டுகளைப் பற்றியது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 17 வயதில் எஸ்.பி.எம். எழுதும் மாணவர், எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் புகும்போது 19 வயதை எட்டுகிறார். ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு முடிய 24. பின்னர் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு பெற்று, அரசாங்க மருத்துவமனையில் ஈராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். 2008-க்கு முன் இப்பயிற்சி ஓராண்டாக இருந்தது. பயிற்சி முடிந்தால் முழுப் பதிவு. அதன்பின் மருத்துவ அதிகாரியாகக் கட்டாய அரசுப் பணி. அதற்கும் பிறகுதான் நிபுணத்துவப் பயிற்சி. அது குறைந்தது நான்காண்டு. இடையில் காத்திருக்கும் மாதங்களையும், ஒருமுறை தவறி மறுமுறை எழுதும் தேர்வுகளையும் சேர்த்தால் நிபுணராகும்போது வயது 33 அல்லது 35.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கும் மாணவர்கள் 'ரெசிடென்சி' என்ற சொல்லை நன்கு அறிவர். அங்கே இறுதியாண்டு மாணவர் நிபுணத்துவத் துறைக்கே நேரடியாக விண்ணப்பிக்கிறார். மார்ச் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் எந்த மருத்துவமனை என்பது தெரிந்துவிடும். நம் நாட்டில் அந்த ஒரே வாயில் மூன்று வாயில்களாகப் பிரிந்துள்ளது: பயிற்சி மருத்துவர் இடம், மருத்துவ அதிகாரிப் பணி, நிபுணத்துவப் பயிற்சி. ஒரு வாயிலைத் தாண்டியவர் அடுத்ததைத் தாமாகவே தாண்டிவிடுவார் என்று கொள்வதற்கில்லை.

இதனை நம் நாடு கண்ணெதிரே கண்டது. 1905-இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோது மலாயா முழுவதற்கும் அது ஒன்றே. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகம், அதன்பின் பிற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் வந்தன. 1990-களுக்குப் பின் தனியார் கல்லூரிகள் பெருகின. 1996-இல் அயர்லாந்துக் கல்லூரிகளோடு இணைந்து தோன்றிய பினாங்கு மருத்துவக் கல்லூரியும், 2001-இல் கெடாவில் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் நம் வட்டாரத்து மாணவர்களுக்கு அண்மையிலேயே வாய்ப்பளித்தன. ஆனால் பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் பணியிடங்கள் பெருகவில்லை. 2011-இல் புதிய மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு அரசு தற்காலிகத் தடை விதித்தது. 2016 டிசம்பர் முதல் பயிற்சி மருத்துவர்கள் நிரந்தரப் பணியில் அன்றி ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். 2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அவ்வாறு அமர்த்தப்பட்ட 23,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்களில் நிரந்தரப் பணி பெற்றோர் 800 பேர்கூட இல்லை. அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள், பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோதே, ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையணிந்து மருத்துவமனைகளிலிருந்து வெளிநடந்தனர்.

அதன்பின் நிரந்தர இடங்கள் கூட்டப்பட்டன. அண்மைய ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகி, பயிற்சி மருத்துவர் இடங்கள் நிரம்பவில்லை என்ற செய்தியும், சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு மருத்துவர் செல்கின்றனர் என்ற கவலையும் கேட்கிறோம். பத்தாண்டுகளுக்குள் மிகுதியும் பற்றாக்குறையும் மாறி மாறி வந்துள்ளன. இன்று எஸ்.பி.எம். எழுதும் மாணவர் பயிற்சிக்கு வரும்போது எந்த நிலை இருக்கும் என்பதை எவரும் கூற இயலாது. எனவே "இப்போது வேலை எளிதில் கிடைக்கிறது" என்பதையோ "இப்போது வேலையே இல்லை" என்பதையோ நம்பி இத்துறையைத் தேர்ந்தெடுப்பது, கைவிடுவது இரண்டுமே தவறு.

சேர்வதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பட்டம் தரும் கல்லூரி மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளதா என்பதே அது. இடம்பெறாத கல்லூரியில் பட்டம் பெற்றோர் தனித் தகுதித் தேர்வு எழுதித் தேறினாலன்றிப் பதிவு பெற இயலாது. 2005-இல் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக மலேசியா அறிவித்தபோது, வீட்டை அடகுவைத்துப் பிள்ளைகளை அனுப்பியிருந்த பெற்றோர் கலங்கியதை மூத்தோர் நினைவில் வைத்திருப்பர். தனியார் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குச் சில இலட்சம் ரிங்கிட் செலவாகிறது. முகவரின் வண்ணத் துண்டறிக்கையைக் காட்டிலும் மருத்துவ மன்றத்தின் பட்டியலுக்கு மதிப்பளிக்க வேண்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' வாங்கிய மாணவர் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் திணறுவது வியப்பன்று. அறிவு குறைந்துவிடவில்லை, படிக்கும் முறைதான் போதாமற் போகிறது. பள்ளியில் ஒரு நூலை நான்கு முறை படித்துத் தேறியவருக்கு இங்கே நான்கு முறை படிக்க நேரமே இராது. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவை ஒரே பருவத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பயன்படும். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓர் உரைநடைப் பகுதியை மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றவர் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னணியில் நின்றனர். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினர். மருத்துவ மாணவருக்கு வேண்டியது ஐந்து நிமிட நினைவன்று. ஐந்தாண்டு கழித்து நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் வந்து உதவும் நினைவு.

தமிழ் மரபு இதனை அறியாததன்று. திண்ணைப் பள்ளியில் ஏட்டை மூடிவைத்துச் சட்டாம்பிள்ளை முன் ஒப்பித்த சிறுவன் இப்பயிற்சியைத்தான் செய்தான். மனனம் என்றாலே இழிவாகப் பேசும் போக்கு இப்போது பெருகிவிட்டது. அது முழுதும் நியாயமன்று. ஆனால் ஒப்பித்தலுக்கு ஒரு குறை உண்டு. வரிசை மாறினால் அது தடுமாறும். நோயாளி நூலின் வரிசைப்படி வருவதில்லை. ஆகவே நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சியை வெவ்வேறு வரிசையில், வெவ்வேறு கேள்விகளால் செய்ய வேண்டும். இன்று மாணவர்கள் 'அங்கி' என்ற கணினி அட்டை நிரலைப் பயன்படுத்துகின்றனர். மறக்கும் தறுவாயில் அது அட்டையை மீண்டும் காட்டும். நல்ல கருவி. ஆயினும் பிறர் செய்த இருபதாயிரம் அட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டு நாளெல்லாம் விரலால் தள்ளுவது படிப்பாகாது. பாடத்தைத் தாம் புரிந்துகொண்டு, தாமே எழுதிய அட்டைகள் சில நூறு இருந்தால் போதும்.

மூன்றாம் ஆண்டு முதல் மாணவர் மருத்துவமனை வார்டுகளுக்குச் செல்கின்றனர். அங்கேதான் மொழி ஒரு பாடமாகிறது. எந்த நூலும் இதைத் தனிப் பாடமாக வைப்பதில்லை என்பதால் இங்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

செபராங் பிறையின் மருத்துவமனைகளில், செபராங் ஜெயாவாயினும் சுங்கை பாக்காப்பாயினும், ஒரே காலையில் மலாய், ஹொக்கியன், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஒலிக்கும். தமிழ் மூதாட்டி ஒருவர், "மயக்கமா இருக்கு, தம்பி" என்கிறார். இச்சொல் மருத்துவருக்கு ஒரு புதிர். நினைவிழந்து விழுந்ததை அது குறிக்கலாம். தலை சுற்றுவதைக் குறிக்கலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதை, வாந்தி வரும் உணர்வை, உண்ணாத சோர்வைக்கூடக் குறிக்கலாம். முதலாவதற்கு இதயத்தை ஆராய வேண்டும். இரண்டாவதற்குக் காதையும் சிறுமூளையையும் நினைக்க வேண்டும். நீரிழிவு மாத்திரை உண்பவராயின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். "மயக்கம்" என்று ஏட்டில் எழுதிவிட்டு நகரும் மாணவர் எதையும் கண்டறியவில்லை. "பாட்டி, கீழே விழுந்துட்டீங்களா? சுத்துற மாதிரி இருந்துச்சா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பவர் பாதி நோயறிதலை முடித்துவிடுகிறார்.

நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது ஆகிய மூன்றும் வெவ்வேறு உறுப்புகளைக் காட்டக்கூடும். மூச்சு முட்டுவதும் மூச்சு இரைப்பதும் ஒன்றல்ல. கால் மதமதப்பு, கால் குடைச்சல், கால் எரிச்சல் என்ற வேறுபாடுகள் நரம்பு மருத்துவருக்குப் பொன் போன்றவை. "இனிப்பு நீர் இருக்கு" என்று நம் முதியோர் சொல்வதும் நீரிழிவையே. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாணவருக்கு இச்சொற்கள் பிறப்புரிமை போலத் தோன்றும். உண்மையில் நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு இவை பழக்கத்தில் இல்லை. தாத்தா பாட்டியரிடம் அமர்ந்து கேட்டுக் குறித்துவைக்கலாம். மலாயில் 'சாக்கிட்' எங்கே என்று கேட்கத் தெரிவது போலவே ஹொக்கியனிலும் சில சொற்கள் கற்பது நம் மாநிலத்தில் பணிபுரிபவருக்கு இன்றியமையாதது.

இம்முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி செய்தார். தமிழ் கற்றார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் பயிற்றியவர், 1860-களில் தமிழிலேயே பயிற்றத் தொடங்கினார். பயின்றவர் அரசுப் பணி நாடி வெளியூர் செல்லாமல் தம் மக்களிடையே தங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அறுவை மருத்துவ நூலொன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரிலும், புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரிலும் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. இன்று மலேசியாவில் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நோயைத் தமிழில் விளக்குவது கற்றுப் பழக வேண்டிய திறன் என்பதை கிறீன் உணர்ந்திருந்தார். 'சிறுநீரகம் எழுபது விழுக்காடு பழுதாகியுள்ளது' என்ற செய்தியை ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அஞ்சவைக்காமலும் ஏமாற்றாமலும் சொல்லிப் பார்த்தவருக்கு அதன் கடினம் தெரியும்.

உடல்நலமும் மனநலமும் படிப்பிலிருந்து பிரிந்தவை அல்ல. 2004-இல் பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வொன்று இதற்குச் சான்று. 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணியாற்றும் பழைய முறையில் இருந்த இளமருத்துவர்கள், பணிநேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தபோது செய்ததைவிட 36 விழுக்காடு மிகுதியாகக் கடுமையான மருத்துவப் பிழைகளைச் செய்தனர். அவர்கள் சோம்பேறிகளோ அறிவற்றவர்களோ அல்லர், உறங்காதவர்கள். மலேசியாவில் 2011-இல் பயிற்சி மருத்துவர்களுக்கு முறைப்பணி நேரம் கொண்டுவரப்பட்டது. "எங்கள் காலத்தில் நாங்கள் மூன்று நாள் உறங்காமல் பணியாற்றினோம்" என்று பெருமைப்படும் மூத்தோர் இன்றும் உளர். அந்நாளில் எத்தனை பிழைகள் நேர்ந்தன என்பதை எவரும் எண்ணவில்லை என்பதே அப்பெருமைக்கு விடை.

மாணவப் பருவத்திலேயே உறக்கத்தைக் காக்கப் பழக வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழிப்பவர், பகலில் படித்ததை நினைவில் பதிக்கும் வேலையை மூளை செய்யவொட்டாமல் தடுக்கிறார்.

மனச்சோர்வு பற்றி நம் சமூகத்தில் வெளிப்படையாகப் பேசுவது அரிது. "டாக்டர் பிள்ளை" என்று முதலாண்டிலேயே உறவினர் அழைக்கத் தொடங்கிவிடுகின்றனர். அதன்பின் அப்பிள்ளை ஒரு பாடத்தில் தோற்றால், தோல்வி அவருடையதாக மட்டும் இருப்பதில்லை, குடும்பத்தின் மானமாகிவிடுகிறது. எனவே அவர் மறைக்கிறார். மறைப்பவருக்கு உதவி கிடைப்பதில்லை. 2022 ஏப்ரலில் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்ததை அடுத்து, மருத்துவமனைப் பணிச்சூழலை ஆராயச் சுகாதார அமைச்சு தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. பகடிவதை, வசைமொழி, அச்சம் ஆகியன அப்போதுதான் நாடறியப் பேசப்பட்டன.

இங்கே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் பிள்ளையிடம் "மார்க் என்ன?" என்பதற்கு முன் "தூங்கினாயா? சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, அழுகை, இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஆகியவை தோன்றினால் அது பலவீனமன்று, நோய். மருத்துவரிடம் செல்ல வேண்டிய நோய். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. மருத்துவ மாணவர் தமக்குத் தாமே மருந்து எழுதிக்கொள்ளும் பழக்கம் மிகத் தீயது. தம் நண்பரல்லாத ஒரு மருத்துவரைத் தமக்கென வைத்துக்கொள்வது நன்று. பயிற்சிக் காலத்தில் ஒரு துறைச் சுழற்சி நீட்டிக்கப்பட்டால் அதுவும் உலக முடிவன்று. நீட்டிப்புப் பெற்றுப் பின்னாளில் சிறந்த நிபுணரானோர் பலர். மருத்துவம் தமக்கு ஏற்றதன்று என்று இரண்டாம் ஆண்டில் உணர்ந்து விலகுபவரையும் நாம் ஏளனம் செய்யலாகாது. மருத்துவத்துக்கு வெளியே ஒன்றைக் கைவிடாமல் வைத்திருப்பதும் உதவும்: காற்பந்து, உறுமி மேளம், நூல் வாசிப்பு, எதுவாயினும்.

இறுதியாக நிபுணத்துவப் பயிற்சி. இதற்கு இரு வழிகள். ஒன்று, உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நான்காண்டு முதுநிலைப் பட்டம். பல துறைகளுக்கு 'மெடெக்ஸ்' என்னும் முன்நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. அரசின் 'ஹடியா லத்திஹான் பெர்செகுதுவான்' உதவித்தொகை பெறுவோர் பின்னர் அரசுப் பணிக்குக் கட்டுப்பட வேண்டும். மற்றொன்று, 'பேரலல் பாத்வே' எனப்படும் இணைவழி. அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே பிரிட்டன், அயர்லாந்து முதலிய நாடுகளின் அரசக் கல்லூரித் தேர்வுகளை எழுதி, உள்நாட்டுக் கண்காணிப்பில் பயிற்சி முடிப்பது. பொது மருத்துவத்துக்குரிய எம்.ஆர்.சி.பி. தேர்வின் முதற்பகுதியைப் பட்டம் பெற்று ஓராண்டு பணி அனுபவம் ஆனபின் எழுதலாம். அதன் இறுதிப்பகுதியில் தேர்வாளர் முன்னிலையில் நோயாளியிடம் பேசிப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். வார்டில் பேசிப் பழகாதவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

இணைவழியைத் தேர்பவர் ஒன்றை மறக்கலாகாது. இதய அறுவைத் துறையில் எடின்பரோ அரசக் கல்லூரித் தேர்வில் தேறிய மலேசிய மருத்துவர்களை நிபுணர் பதிவேட்டில் சேர்க்க மருத்துவ மன்றம் மறுத்ததால் பெருஞ்சிக்கல் எழுந்தது. அதனைத் தீர்க்க 2024-இல் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. பல ஆண்டு உழைத்தபின் அங்கீகாரத்துக்காகப் போராட நேர்ந்த அவர்களின் நிலை பிறருக்கு வரலாகாது எனில், ஒரு பயிற்சியில் சேருமுன் அதன் முடிவில் தேசிய நிபுணர் பதிவேட்டில் இடம் உண்டா என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

துறையை எப்போது தேர்ந்தெடுப்பது? மாணவராக இருக்கும்போதே உறுதியாகத் தீர்மானிக்கத் தேவையில்லை. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது அறுவை, மகப்பேறு, எலும்பியல், அவசர சிகிச்சை என்று நான்கு நான்கு மாதமாகச் சுழலும் பயிற்சிக் காலம் அதற்காகவே உள்ளது. எல்லாரும் இதய நிபுணராகவும் அறுவை நிபுணராகவும் ஆக விரும்புவதால் குடும்ப மருத்துவம், மனநலம், நோய்க்கூறியல், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றைத் தம் விருப்பத்தோடு நாடுவோர் குறைவு. நீரிழிவும் சிறுநீரகப் பழுதும் மலிந்த நம் சமூகத்துக்குத் தமிழறிந்த குடும்ப மருத்துவ நிபுணர் ஒருவர் ஆற்றக்கூடிய பணி மிகப் பெரிது என்பது என் துணிபு.

நேர்காணலில் தேர்வாளர் கேட்பது பெரும்பாலும் எளிய வினா: இத்துறைக்காக இதுவரை என்ன செய்தாய்? அதற்கு விடையளிக்கச் செய்முறைப் பதிவேடு, பங்கேற்ற சிறு ஆய்வு அல்லது தணிக்கை, வார்டில் நிகழ்த்திய விளக்கவுரை, மேலதிகாரியின் மதிப்பீடு ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுழற்சியின் கடைசி வாரத்திலும் மதிப்பீட்டுப் படிவத்தில் கையொப்பம் வாங்கி, படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு கழித்து அது தேவைப்படும்போது, அதனை எழுதித் தந்திருக்கக்கூடிய நிபுணர் சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றலாகிப் போயிருப்பார்.